நம்ம மரம்தானே?

டென்வர் நகரிலிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரம் மலையேறினால் எங்கள் வீடு வரும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,000 அடி உயரம். மூன்று ஏக்கர் சரிவு நிலம், நடுவில் ஒரு பழைய மரவீடு, சுற்றிலும் பாண்டரோசா பைன். 2017இல் வாங்கினோம். நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். வாசலில் ஒரு வேம்பு, கொல்லையில் நான்கு தென்னை, அவ்வளவுதான் எங்களுக்கென்று இருந்த மரங்கள். இங்கே சில நூறு மரங்களுக்குச் சொந்தக்காரன் ஆனதும் தலைகால் புரியவில்லை. நல்ல வெயிலில் பாண்டரோசாவின் பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா மணக்கும். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரையும் மரத்தடிக்குக் கூட்டிப்போய் முகரச் சொல்வேன்.

அடுத்த ஆண்டுக் கோடையில், எங்கள் பகுதிக்கான வன அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். நான்தான் அழைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் நிலம் முழுக்க நடந்தார். கையில் ஒரு நாடாச் சுருள். சில மரங்களின் முன் நின்று அண்ணாந்து பார்ப்பார், இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டுவார், நகர்வார். முடித்தபோது 62 மரங்களில் நாடா இருந்தது. "இவற்றை எடுத்துவிட்டால் நல்லது" என்றார்.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவருக்குப் புரிந்துவிடக் கூடாதென்று தமிழில் கேட்டாள்: "நம்ம மரம்தானேப்பா? இவர் யாரு வெட்டச் சொல்றதுக்கு?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேட எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒருவர் தம் வீட்டை இழந்துவிட்டார். தீ எதுவும் வரவில்லை.

*

நம் ஊரில் "ஃபாரஸ்ட்காரர்" என்றால் காக்கிச் சீருடை, செக்போஸ்ட், வழக்கு. காடு அரசுடையது, நாம் அத்துமீறக்கூடியவர்கள் என்ற கணக்கில்தான் அந்த உறவு நடக்கும். கொலராடோ மாநில வனச் சேவையின் அலுவலர் நம் ஊர் வேளாண் விரிவாக்க அலுவலருக்குத்தான் நெருக்கமானவர். இந்த அமைப்பு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். நான் முதுகலை படித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். ஃபோர்ட் காலின்ஸில் அவர்களுடைய நாற்றங்கால் இருக்கிறது. நில உரிமையாளர்களுக்கு மரக்கன்றுகளை மலிவாகக் கொடுப்பார்கள். மாணவனாக இருந்த காலத்தில் எனக்கு அது எதுவும் தெரியாது. எனக்குக் கணினிக் கூடமும் இந்திய மளிகைக் கடையும்தான் தெரியும்.

இந்த மாநிலத்தின் காடுகளில் பெரும்பகுதி மத்திய அரசுடையது. மீதியில் பெரும்பங்கு தனியார் நிலம். அந்தத் தனியார் நிலங்கள்தாம் வன அலுவலகத்தின் அன்றாடப் பணி. நிலத்துக்கு ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதித் தருவார்கள். பட்டைவண்டு துளைத்த மரத்தை அடையாளம் காட்டுவார்கள். நாற்பது ஏக்கருக்குக் குறையாமல் காடு வைத்திருப்பவர் அந்தத் திட்டப்படி நடந்தால், விவசாய நிலத்துக்குரிய குறைந்த வரி கிடைக்கும். குடியிருப்புகள் ஒன்றுசேர்ந்து தீப்பாதுகாப்புத் திட்டம் வகுக்க உதவுவார்கள். மரம் களைவதற்கு மானியமும் உண்டு, மக்களும் ஒரு பங்கு போட வேண்டும்.

ஆனால் அவர்களால் என்னை மரம் வெட்ட வைக்க முடியாது. வந்தவர் அதைத் தாமே சொன்னார். "நாடா கட்டுவதோடு என் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்."

கட்டளையிட அதிகாரமில்லாத ஒருவர் சொல்லும் நியாயமான சொல்லுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

*

அவர் சொன்ன காரணங்கள் எளியவை. பாண்டரோசா நெருப்போடு வாழ்ந்து பழகிய மரம். வயதேறிய மரத்தின் பட்டை தடிமனானது. முற்காலத்தில் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஊர்ந்துபோகும் சிறு தீ புல்லையும் இளங்கன்றுகளையும் தின்றுவிட்டுப் போகும், பெரிய மரங்கள் நிற்கும். மின்னல் மூட்டிய தீயும் உண்டு, இந்த மலைகளில் வாழ்ந்த யூட் மக்கள் மூட்டிய தீயும் உண்டு. பிறகு அந்த மக்கள் விரட்டப்பட்டார்கள். 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. அந்த அதிர்ச்சியில் நாடு முழுக்க ஒரே கொள்கை உருவானது: எங்கே தீ கண்டாலும் அணை. 1935இல் அது விதியாகவே ஆனது. தீ கண்ணில் பட்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும்.

அணைக்க அணைக்க, எரிய வேண்டியவை சேர்ந்துகொண்டே போயின. பெரிய பைன்களுக்கு அடியில் டக்ளஸ் ஃபிர் மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்தன. இன்று தரையில் ஒரு பொறி விழுந்தால், அது சருகிலிருந்து தாழ்ந்த கிளைக்கும், கிளையிலிருந்து சிறு மரத்துக்கும், அங்கிருந்து பெரிய மரத்தின் உச்சிக்கும் படிப்படியாக ஏறும். "ஏணி" என்றே அதற்குப் பெயர். நாடா கட்டிய 62 மரங்களில் பெரும்பாலானவை இந்த ஏணிகள்தாம்.

வீட்டைச் சுற்றி மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். முதல் ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் கூடாது. ஐந்திலிருந்து முப்பதடி வரை மரத்தின் தலைகளுக்கிடையே பத்தடியாவது இடைவெளி வேண்டும். முப்பதிலிருந்து நூறடி வரை காட்டை மெலிதாக்க வேண்டும். பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை, காற்றில் பறந்துவரும் கங்கு கூரை இடுக்கிலும் வாசல் சருகிலும் விழுந்துதான் எரிகின்றன என்றார்.

கடைசியாக மேட்டுப் பக்கம் கைகாட்டி ஒரு கேள்வி கேட்டார். "மேலே தெரிகிறதே, அது யாருடைய வீடு?"

நெருப்பு சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிவது மேலே இருப்பதை முன்கூட்டியே காயவைத்துவிடும். என் மரங்கள் எனக்கு எவ்வளவு ஆபத்தோ அதைவிட அதிகம், மேலே இருப்பவருக்கு.

*

மேலே இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், இரண்டடிப் பனி விழுந்த மறுநாள் காலையில், தம் பழைய ட்ரக்கில் பனித்தகட்டை மாட்டிக்கொண்டு வந்து எங்கள் பாதையையும் ஒதுக்கிக் கொடுத்தார். காசு நீட்டினேன், கையை ஆட்டி மறுத்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு பனிக்கும் வந்தார்.

ஒருநாள் வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்கள் மேல்புறத்து ஃபிர் கூட்டத்தை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "செய்யணும், பார்க்கிறேன்" என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவேயில்லை.

நான் ஏன் செய்யவில்லை? ஒப்பந்தக்காரர் சொன்ன தொகை பெரிதாக இருந்தது. வேலையும் அதிகம். மரம் வெட்ட மனம் வரவில்லை. இவை எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. நாடா கட்டியவற்றில் மேல்புறத்து ஃபிர் கூட்டம்தான் அவர் வீட்டை எங்கள் ஜன்னலிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. வேறு வீடே கண்ணில் படாத ஒரு காட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. எந்த மனிதரை மறைக்க அந்த மரங்களை வைத்திருந்தேனோ, அதே மனிதருக்குத்தான் அவை ஆபத்தாக நின்றன.

*

என் அப்பாயி சொன்ன கதை ஒன்று அடிக்கடி நினைவுக்கு வரும். அவர் வாழ்க்கைப்பட்ட தெருவில் எல்லாமே கீற்றுக்கூரை வீடுகள், கூரையும் கூரையும் உரசும். ஒரு சித்திரை மத்தியானம் தெருவின் மேலண்டையில் ஒரு வீடு பற்றிக்கொண்டது. காற்று கீழண்டைக்கு அடித்தது. ஆட்கள் எரிகிற வீட்டை விட்டுவிட்டு, நான்கு வீடு தள்ளி எரியாமல் இருந்த ஒரு வீட்டின் மேல் ஏறி, கூரையை அரிவாளால் அறுத்துக் கீழே தள்ளினார்கள். வீட்டுக்காரர் வயலில் இருந்தார். அவரிடம் கேட்க நேரமில்லை. அந்த இடைவெளியில் தீ நின்றது. மேலண்டையில் நான்கு வீடு போயிற்று, கீழண்டையில் பதினைந்து வீடு தப்பியது.

சிறுவனாக இருந்தபோது எனக்கு அதில் பிடித்த இடம் கூரை மேல் ஏறும் இடம். இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. வாரத்துக்குள் தப்பிய பதினைந்து வீட்டாரும் ஆளுக்கு இத்தனை கட்டு என்று கீற்றும் மூங்கிலும் கொடுத்து, கூரை இழந்தவருக்கு முதலில் வேய்ந்து கொடுத்தார்கள். "அவன் வீடு எரியல. நாம பிரிச்சோம். அப்போ நாமதான கட்டணும்" என்பார் அப்பாயி.

இரண்டு கடமைகள் இதில் இருக்கின்றன. என் கூரை என்னுடையதுதான், ஆனால் அது அடுத்த கூரைக்குத் தீயைக் கொடுக்கும் பாலமாக இருக்கும்வரை முழுக்க என்னுடையதல்ல. எல்லோருக்காகவும் ஒருவர் இழந்ததை அவர் தலையிலேயே விட்டுவிடவும் கூடாது.

*

முதல் கடமையைப் பேசுவது எளிது. இரண்டாவதைப் பேசினால் எங்கள் வட்டாரத்தில் இன்னும் ஆறாத ஒன்றைத் தொட வேண்டும்.

1996இல் பஃபலோ கிரீக் தீ, 2002இல் ஹேமன் தீ. நான் மாணவனாக வந்திறங்கியது 2002 ஆகஸ்டில். அந்த ஜூனில் தொடங்கிய ஹேமன் சுமார் 1,38,000 ஏக்கரை எரித்திருந்தது. இரு தீக்களுக்கும் பிறகு பெய்த மழை மொட்டை மலைகளின் மண்ணை டென்வரின் குடிநீர்த் தேக்கங்களுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. பெருந்தீ வருமுன் சிறு தீயால் சருகைக் குறைப்பது என்ற திட்டமிட்ட எரிப்பு இந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்குத் தேவைப்பட்டது அதனால்தான். 2012 மார்ச் 22 அன்று, எங்களிடமிருந்து அதிகத் தொலைவில்லாத டென்வர் குடிநீர் வாரிய நிலத்தில், மாநில வனச் சேவை அப்படி ஓர் எரிப்பை நடத்தியது. அது முடிந்தது, அடங்கியது என்றிருந்த நிலையில், நான்காம் நாள், மார்ச் 26 அன்று, கடுங்காற்று கங்குகளைக் கிளப்பிவிட்டது. லோயர் நார்த் ஃபோர்க் தீ என்று அதற்குப் பெயர். 4,000 ஏக்கருக்கும் மேல் எரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. மூன்று பேர் இறந்தார்கள்.

தீயைத் தடுப்பதற்கென்று இருந்தவர்கள் மூட்டிய தீ. அதன் பிறகு தீ சார்ந்த பணிகள் வனச் சேவையிடமிருந்து மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்பட்டன. அரசிடம் இழப்பீடு கோர வழிசெய்து சட்டமும் திருத்தப்பட்டது. அப்பாயியின் தெருக்காரர்கள் ஒரு வாரத்தில் செய்ததை ஓர் அரசு சட்டமன்றம் வழியாகச் செய்ய முயன்றது என்று இதைப் பார்க்கலாம். ஆனால் கூரையைத் திரும்ப வேயலாம், மூன்று உயிர்களை என்ன செய்வது? அந்தக் குடும்பங்களிடம் போய், "நீண்டகால நோக்கில் எரிப்பு நல்லதுதான்" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அது உண்மை என்று நம்புகிறேன். ஆனாலும் அவர்களிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

என் தொழிலிலும் இதன் சிறிய உருவம் உண்டு. வங்கிகளின் பழைய மென்பொருள் அமைப்புகளைப் புதுப்பிப்பது என் வேலை. ஒரு சனிக்கிழமை இரவு புதிய பதிப்பை ஏற்றும்போது அமைப்பு விழுந்துவிட்டால், திங்கட்கிழமை என் பெயர் எல்லா மின்னஞ்சலிலும் இருக்கும். பத்தாண்டுகள் எவரும் தொடாமல் விட்ட அமைப்பு ஒருநாள் தானாக விழுந்தால், அது "பழசு" என்று சொல்லிவிடுவார்கள். அங்கே யார் பெயரும் இருக்காது. செய்தவனுக்குப் பெயர் உண்டு, செய்யாதவனுக்கு இல்லை. ஆகவே புத்திசாலிகள் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். மென்பொருளில் போவது பணம்தான். காட்டில் அப்படியில்லை.

நூறாண்டுகள் தீயை அணைத்து அணைத்துச் சேர்த்த சருகுக்கு யார் பொறுப்பு? ஒவ்வொருவரும் அன்றைக்குச் சரியானதைத்தான் செய்தார்கள். 2012 மார்ச்சில் எரித்தவர்கள்மீது மட்டும் முகவரியோடு குற்றம் சாட்ட முடிகிறது. அவர்கள் கவனக்குறைவாக இருந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செய்தவரின் தவறை மட்டும் எண்ணி, செய்யாதவரின் தவறை எண்ணாத கணக்கு நேர்மையானதல்ல. 62 நாடாக்களை ஜன்னல் வழியே பார்த்தபடி காப்பி குடித்துக்கொண்டிருந்த என் கணக்கு அதுதான்.

*

2021 டிசம்பர் 30 அன்று போல்டர் பகுதியில் மார்ஷல் தீ வந்தது. அது காட்டுக்குள் நடக்கவில்லை. லூயிஸ்வில், சுப்பீரியர் என்ற புறநகர்களில், காய்ந்த புல்வெளியிலிருந்து மரவேலிகள் வழியாக வீட்டுக்கு வீடு தாவி, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. இருவர் இறந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் கடவுச்சீட்டுகளையும் மடிக்கணினியையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியது. அம்மாவின் வீணை உள்ளேயே போயிற்று. 2023இல் வெளியான விசாரணை முடிவு இரண்டு தொடக்கப் புள்ளிகளைச் சொன்னது. ஒன்று மின்கம்பி. மற்றொன்று, ஆறு நாட்களுக்கு முன் தனியார் நிலத்தில் கழிவு மரங்களை எரித்துப் புதைத்த தீ. காற்று மண்ணை விலக்கிக் கங்கை எழுப்பியிருந்தது. யார்மீதும் குற்றவழக்கு இல்லை. அவர்கள் விதிப்படிதான் எரித்திருந்தார்கள்.

அந்த ஆண்டுக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் எங்கள் மலைகளை வேறு கண்ணால் பார்த்தன. 2022 வசந்தத்தில் தபால்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை. வானிலிருந்து எடுத்த படம் இணைக்கப்பட்டிருந்தது. காரணங்களில் ஒன்று: சரிவின் கீழ்ப்புறத்து அடர்ந்த மரங்கள். அவருடைய நிலம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. ஆண்டுதோறும் சருகு வாருவார், கிளை கழிப்பார். கீழ்ப்புறம் என்பது என் நிலம்.

அவர் அதைச் சொல்லவில்லை. கடிதத்தை என்னிடம் காட்டி, "இதில் என்ன செய்ய முடியும் என்று பாருங்களேன், உங்களுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியுமே" என்றார். நான் இணையத்தில் வேறு நிறுவனங்களைத் தேடிக் கொடுத்தேன். கேட்ட தொகை அவருடைய ஓய்வூதியத்துக்குள் அடங்கவில்லை. செப்டம்பரில் வீட்டை விற்றுவிட்டு கேன்சஸில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும்போது பனித்தகட்டை எங்கள் கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

என் மரங்களால்தான் அவர் போனார் என்று சொல்ல முடியாது. வயது, தனிமை, மற்ற காரணங்கள் இருந்தன. எந்த நீதிமன்றமும் என்னைக் கூப்பிடாது. ஆனால் சட்டம் கேட்காத இடத்தில்தான் அறம் கேட்கிறது என்று சிறுவயதிலிருந்து படித்துவிட்டு, சட்டம் கேட்கவில்லை என்பதையே ஆறுதலாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

*

2023 மே மாதம் 58 மரங்களை எடுத்தோம். நான்கை விட்டுவைக்கலாம் என்று அலுவலர் மறுபடி வந்து பார்த்துச் சொன்னார். மூன்று நாள் செயின்சா சத்தம். சில்லுகள் தரையில் பரவிக் கிடந்தன. முதல் மாதம் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. அடுத்த கோடையில் வெளிச்சம் விழுந்த இடங்களில் புல்லும் காட்டுப்பூக்களும் வந்தன.

என்னிடம் சிலர் கேட்பதுண்டு: காட்டுக்குள் போய் ஏன் வீடு வாங்க வேண்டும்? நியாயமான கேள்வி. யூட் மக்களை விரட்டிய நிலத்தில், நெருப்பு வரக்கூடிய சரிவில், காட்சிக்காக ஒரு வீடு. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் வந்துவிட்டவனுக்குக் கடமை குறைவதில்லை, கூடுகிறது. வசதியில்லாதவர் என்ன செய்வார் என்பது இன்னொரு கேள்வி. தனி ஒருவர் தலையில் போட்டால் இது பணக்காரர் மட்டும் நிறைவேற்றக்கூடிய அறமாகிவிடும். கீற்றையும் மூங்கிலையும் பகிர்ந்துகொள்வதற்கு இன்றைய வடிவம் மானியம்தான் என்று நினைக்கிறேன். சட்டம் போடட்டும் என்பவர்களும் உண்டு. 2023இல் இந்த மாநிலம் தீயைத் தாங்கும் கட்டட விதிகளை வகுக்க ஒரு வாரியத்தை அமைத்தது. அது வேண்டியதுதான். ஆனால் அத்தகைய விதிகள் புதிதாகக் கட்டுவதைத்தான் பெரிதும் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே நிற்கும் வீடும் மரமும் இன்னும் நெடுங்காலம் மனசாட்சியின் பொறுப்பில்தான் இருக்கும்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்தபோது, "வெட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய பழைய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. நம்ம மரம்தான். அதனால்தான் நாம வெட்ட வேண்டியிருந்தது. வேறு யாரும் வெட்ட முடியாது. சொந்தம் என்பதற்கு இப்போது எனக்குத் தெரியும் பொருள் அதுதான்.

ஜன்னலிலிருந்து மேல்வீடு இப்போது நன்றாகத் தெரிகிறது. வேறு குடும்பம் வந்திருக்கிறது. எனக்கும் கீழே ஒரு சரிவு உண்டு, அது இன்னொருவருடையது. அங்கே ஃபிர் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவருக்கு ஒருமுறை வன அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். "செய்யணும், பார்க்கிறேன்" என்றார்.

தபால்காரர் இரண்டாம் முறை கேட்காமல் இருந்தது அவருடைய பண்பு. அந்தப் பண்பை நான் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன். அவர் மறுபடி கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கலாம், ஆனால் மரங்கள் போயிருக்கும் என்றே தோன்றுகிறது. அயலாரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே நாகரிகம் என்று இந்த நாட்டில் இருபது ஆண்டுகளாக நாம் பழகியிருக்கிறோம். நம் மரங்கள் ஒருவரையொருவர் தொடும் தூரத்தில் இருக்கும்போது அந்த நாகரிகம் போதாது.

போன குளிர்காலத்தில் கீழ்வீட்டுப் பாதையின் பனியை ஒதுக்கிக் கொடுத்தேன், தபால்காரரின் தகட்டால். இந்த வசந்தத்தில் அவரிடம் மறுபடியும் கேட்கப் போகிறேன்.